தட்டிப் பார்ப்பவருக்கு

குயிஸ்மா, அந்தச் சின்னச் சுத்தியலை
வலப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஓங்குங்கள்.
இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் பார்த்து.
போன வாரம்தான் அங்கே வெல்டிங் வைத்தேன்,
பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டும்.

வாங்கியபோது எனக்குப் பதினெட்டு, இதற்குப் பதினாலு.
கயானி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஒரு கோடை முழுக்கப்
பிறர் புரண்ட விரிப்புகளை மடித்த கூலி
ஆயிரத்து இருநூறு மார்க்.
பல் டாக்டர் ஒருவரின் டாட்சன்,
கடுகு நிறம்.
சாவி கொடுக்கும்போது சொன்னார்:
"சோக்கை முழுதாக இழுக்காதே, கோபித்துக்கொள்ளும்."
சோக் கம்பி மூன்று தடவை மாறிவிட்டது.
கை மட்டும் இன்றைக்கும் பாதியில் நிற்கிறது.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்,
இங்கே உப்பு
ஓடிக்கொண்டே தின்னும்.
அக்டோபரில் சாலையில் வீசத் தொடங்குவார்கள்,
மே மாதம் நான் கீழே படுத்துக்கொண்டு
என்ன மிச்சம் என்று டார்ச் அடிப்பேன்.
வேய்க்கோ பிரிந்து போனபோது
வாஷிங் மெஷினை விட்டுப் போனான்.
அதன் பக்கத் தகடு முக்கால் மில்லி,
எனாமலைச் சுரண்டினால் அருமையான இரும்பு.
இரண்டு சக்கர வளைவுகளுக்கும் கண்டது.
அந்த மனிதன்மேல் இருந்த கடைசி மனத்தாங்கலும்
அன்றோடு தீர்ந்தது.

சீட்டு ஒரு செத்த சாபிலிருந்து வந்தது,
உட்கார்ந்தால் முதுகு சுடும், அந்தச் சுகமே வேறு.
எஞ்சின்
ஈசால்மி பக்கம் ஒரு வைக்கோல் கொட்டகையில் கிடைத்த
ஆயிரத்து இருநூறு சிசி.
ஆமாம், பதிவு செய்திருக்கிறேன், காகிதம் இதோ.
பாயிண்டைக் கழற்றி எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட இரவு
துரோகம் செய்தவள்போலத் தூக்கம் வரவில்லை.
காலையில் மைனஸ் முப்பத்திநாலு.
முதல் திருப்பில் எடுத்தது.
துரோகமும் நன்றாகத்தான் இருக்கிறது என்று
வேலைக்குப் போய்விட்டேன்.

சேசிஸ் எண்ணைத் தேடுகிறீர்களா, வைப்பருக்குக் கீழே.
அந்த உள்ளங்கை அகலத் தகட்டை மட்டும்
நான் ஒருநாளும் தொட்டதில்லை.
அதைச் சுற்றித்தான்
இத்தனை வருடமாகக் காரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பின்சீட்டுக்கு முன்னால் தட்டப்போகிறீர்கள்,
சத்தம் மாறும்.
அங்கே ஒரு ஓட்டை இருந்தது.
சாதேக்கு நாலு வயது. சொட்காமோ போகிற சாலை.
பின்னால் சத்தமே இல்லை,
குழந்தை தூங்குகிறாள் என்று நினைத்தேன்.
அவள் ரப்பர் விரிப்பை விலக்கிவிட்டு
ஓடுகிற பனியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.
"கையுறை போயிடுச்சு" என்றாள்,
அழுகை இல்லை, ஒரு செய்தியாக.
சிவப்புக் கம்பளிக் கையுறை.
நிறுத்திவிட்டு அரைக் கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.
மரம் ஏற்றிய லாரிகள் போன சாலையில்
எதைத் தேடிக்கொண்டு நடக்கிறேன் என்று புரிந்தபோது
முழங்கால் இரண்டும் தண்ணீராயின.
அன்றிரவே அடைத்தேன், ஒன்றுக்கு இரண்டாகத் தகடு வைத்து,
கைநடுக்கத்தில் தையல் கோணலாக.
காலையில் ஏறியவள் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு
அப்போதுதான் அழுதாள்,
என் ஜன்னலை மூடிவிட்டாயே என்று.

இப்போது தம்பெரேயில் மின்கார் ஓட்டுகிறாள்,
கூரை முழுக்கக் கண்ணாடி.
ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால்
என் சர்க்கரை அளவைக் கேட்பாள், பிறகு,
"அந்த ஓட்டை எப்படி இருக்கு?"

தட்டுங்கள்.

டொக்.

கேட்டீர்களா? அதற்குள் ஒன்றுமில்லை,
இரட்டைத் தகடு, அவ்வளவுதான்.
நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை, தெரியும்.
பல்ப் கைப்பையில் இருக்கிறது.
திருகாணிதான் துருவேறி அசைய மாட்டேன் என்கிறது.
உங்களிடம்
கொஞ்சம் நீளமான ஸ்க்ரூடிரைவர் இருக்குமா?