அறுபது வீதம்

கலாநிதிப் பட்ட ஆய்வாளர் ஒருவர் தேவை, அறுபது வீதம்.
மண்ணியல் பிரிவு, பேர்ண். நான்கு ஆண்டுகள்.
தொடக்கம் பெப்ரவரி, அல்லது பேசித் தீர்மானிக்கலாம்.

அறிவியல்நகர் விடுதி அறையில்
அந்த வீதத்திலேயே நின்றுவிட்டேன்.
மிச்ச நாற்பதை எங்கே வைப்பார்கள்?
பவளராசன் அண்ணாவைக் கேட்டேன்.
"அது சம்பளக் கணக்கடி.
வேலை நூறும் வாங்குவினம்."
அவர் அங்கே நூற்றிருபது வீதம்:
பகலில் உணவகக் குசினி,
இரவில் பல்கலைக்கழக விறாந்தைகள்.

அடுத்த மேசைக் கலாநிதி உருத்திரேசன்
போஸ்ட்டொக் தேடுகிறார், லோசானில், சூரிச்சில்.
பட்டம் பெற்று இரண்டாண்டுக்குள் என்கிறார்கள்.
அவருக்கு இரண்டாண்டும் நான்கு மாதமும்.
அந்த நான்கு மாதம்
பெற்றோல் வரிசையில் நின்றதென்று
எவருக்கு எழுதுவது?

முதலில் பேராசிரியருக்கு நேரே எழுத வேண்டுமாம்.
'அன்புள்ள ஐயா' என்று எழுதி அனுப்பிய பிறகுதான்
அவர் அம்மா என்று தெரிந்தது.
மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பினேன்.
அவருடைய கட்டுரைகள் ஏழு வாசித்தேன்:
துப்பாக்கிப் பயிற்சித் திடல்களில்
ஈயம் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது.
ஞாயிறுகளில் இலக்குப் பலகைக்குச் சுடுகிறார்களாம்.
புதுக்குடியிருப்பில் எடுத்த
நாற்பத்திரண்டு மாதிரிகளின் அட்டவணையை இணைத்தேன்.
இலக்குப் பலகை பற்றி எதுவும் எழுதவில்லை.

பிறகு அந்தப் பெட்டி.
கல்வியில் இடைவெளி இருப்பின் விளக்குக.
ஐந்நூறு எழுத்து, வெற்றிடமும் சேர்த்து.

2008 செப்ரெம்பர் முதல் 2010 ஜனவரி வரை.
எனக்குப் பதினைந்து வயது.
விசுவமடுவில் அப்பா வெட்டிய குழிக்குள்
நாலரை அடி ஆழத்தில் இருந்தேன்.
மேலே ஒரு சாண் கறுப்பு. பிறகு சிவப்பு.
அதற்குக் கீழே இரும்பு நிறத்தில் சிறு கற்கள்.
ஒவ்வொரு அதிர்வுக்கும்
எந்த அடுக்கு முதலில் உதிர்கிறதென்று பார்த்தேன்.
நடு அடுக்கு. எப்போதும் நடு அடுக்கு.
மாத்தளனில் வெறும் மணல், வெட்ட வெட்டச் சரிந்தது.
அங்கே தம்பி

ஐந்நூறு முடிந்தது.
பெட்டி அதற்குமேல் வாங்கவில்லை.

அவர்களுக்கு இறுதி நேரம் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது.
எங்களுக்கு விடியப்புறம் மூன்று இருபத்தொன்பது.
இதுவரை கிடைத்த ஒரே புலமைப்பரிசில்
அந்த மூன்றரை மணித்தியாலம்.
ஒரு மணிக்கு இடி, கரண்ட் போனது.
மடிக்கணினியில் முப்பத்தொரு வீதம்.

அண்ணா அழைத்தார், குரலை அடக்கி.
"உன்ர புரொபசரின்ர அறை வாசல்ல நிக்கிறன்.
இப்பதான் குப்பைக்கூடை எடுத்தனான்.
கதவில மண்ணை வெட்டின படம் ஒண்டு, கேக் மாதிரி.
ஒவ்வொரு நாளும் எனக்குக் 'குட்டன் ஆபென்ட்' சொல்லுவா.
இண்டைக்குச் சொல்லப் பாத்தனான்,
என்ர தங்கச்சி ஒருத்தி எழுதியிருக்கிறா எண்டு.
சொல்லேல்லை.
நீ உன்ர பேரில வா, பிள்ளை."
திறப்புக் கோர்வை கிலுங்கிற்று.
ஒரு கதவு பூட்டுப்பட்டது.

பெட்டியை முழுதாக அழித்தேன்.
களப்பணி, வன்னி, பதினாறு மாதங்கள்
என்று எழுதினேன்.
மூன்று இருபத்தாறுக்கு அனுப்பினேன்.
உடனே ஜேர்மன் மொழியில் ஏதோ வந்தது,
நன்றி என்ற சொல் மட்டும் விளங்கியது.

எட்டு மணிக்கு முதலாம் ஆண்டுச் செய்முறை.
பண்ணையில் வெட்டிய குழிக்குள் இறங்கி
அடுக்குகளை வரைய வேண்டும் அவர்கள்.
இந்த மழைக்குள் குழி நிறைந்திருக்கும்.
இரண்டு வாளி எடுத்துப் போக வேண்டும்.