மூன்றாவது இழுப்பறை

கோயம்புத்தூர்க்காரர்கள் சம்பளத்தைக் கடிதத்தில்
தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.
கோத்தகிரிக்காரர்கள் தொலைபேசியில் சொன்னார்கள்,
சொல்லுமுன் ஒருமுறை செருமிக்கொண்டு.

எங்கே போனாலும் நான் கேட்பது மூன்று:
இரவில் ஒரு நர்சுக்கு எத்தனை இதயம்?
டாக்டர் வந்துசேர எத்தனை நிமிடம்?
ஷாக் கொடுக்கும் பெட்டியைக் கடைசியாகச் சோதித்தது யார்?

கீழே சொன்ன பதில்:
இரண்டு. நான்கு. அதற்கென்று தனித் துறை இருக்கிறது.

மேலே, மேட்ரன் கிரேஸ் போஜன் விரல்விட்டு எண்ணினார்.
"ஆறு. சில நாள் ஏழு.
டாக்டர் வீடு அதோ, சில்வர் ஓக்குக்குப் பின்னாடி.
மழைன்னா அவர் குடை தேடுற நேரத்தையும் சேர்த்துக்கோங்க.
பெட்டியை நான்தான் பார்த்தேன்,
காலையில, பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி."

நான்கு மானிட்டர். ஒன்றில் பச்சைக்கோடு மங்கல்.
மூன்றாம் படுக்கையில் தேயிலை ஃபேக்டரி பாய்லர்க்காரர்.
மலையிறங்கும் சாலையில் கேரட் லாரி கவிழ்ந்துகிடக்க,
பாதிவழியில் திரும்பிய ஆம்புலன்ஸ்.
உறைவு கரைக்கும் ஊசி இங்கேயே போட்டார்களாம்.
"திரும்பி வந்ததாலதான் இருக்கேன்" என்றார்.
பிறகு, இட்லி எப்போ தருவாங்க என்றார்.

பெண் பார்க்கப் போன வீட்டில்
நேரே கொல்லைப்புறம் போகும் அத்தை மாதிரி
நான் அவசர வண்டியைத் திறந்தேன்.
அட்ரினலின், தேதி சரி. அட்ரோபின், சரி.
மூன்றாவது இழுப்பறை வரவில்லை.
அதன்மேல் பிளாஸ்திரி, நீல மையில்
யாரோ இரவுப்பணியில் எழுதியது:
இழுக்காதே. இடப்பக்கம் முழங்காலால் ஒரு தட்டு.

தட்டினேன். வந்தது.
டியூப்கள் அளவுவாரியாக,
கைக்குழந்தை அளவுகூட.

கல்விக்கடன் மாதம் பதினோராயிரத்து நானூறு.
அது எந்த முழங்காலுக்கும் அசையாது.

இறங்கும் பேருந்தில், குஞ்சப்பனைக்குக் கீழே
காட்டுமாடு ஒன்று சாலையை விடமாட்டேன் என்றது.
எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.
நான் கடிகாரம் பார்த்தேன்: ஒன்பது நிமிடம்.
ஒன்பது நிமிடத்தில் எவ்வளவு தசை சாகும் என்று
தெரிந்துவைத்திருப்பது ஒரு கெட்ட பழக்கம்.

மேட்ரனைக் கூப்பிட்டேன்.
"அந்த இழுப்பறையைச் சரிபண்ண ஆளே இல்லையா?"
"எழுதிக்கொடுத்து எட்டு மாசமாச்சு."
"தையல் மெஷின் எண்ணெய் போதும்.
திங்கட்கிழமை வரும்போது கொண்டுவரேன்."

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை.
இந்தப் பக்கமும்.