ஒரு டீ குறைவு

என் பெயர் மரிய கொறற்றி.
ஆங்கிலத்தில் எழுதினால்
அடையாள அட்டையில் இரண்டு டீ,
பங்குக் கணக்கில் ஒன்று.
அந்த ஒற்றை எழுத்தால்
பதினொரு வருடம் என்னால் எதையும் விற்க முடியவில்லை.

வாங்கும்போது ஒருவரும் கேட்கவில்லை.
காசு கொண்டுவருகிறவளின் பெயர் எப்படியும் இருக்கலாம்.
விற்கப் போனபோதுதான்
கோட்டையில், காது அடைக்கும் உயரத்து மாடியில்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் மினுங்க
லிகிதர் சொன்னார்:
மிஸ், நீங்கள் நீங்கள் இல்லை.
சத்தியக்கடதாசி வேண்டும்,
சமாதான நீதவானின் முத்திரை வேண்டும்,
ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும்.
ஞானஸ்நானப் பத்திரத்தில்
மூன்றாவது விதமாக எழுதியிருந்தது.

புதுக்கடைக்கு ஒரு நாள் போனேன்.
வரிசை நீளம். மழை வேறு.
இன்னொரு நாள் பார்ப்போம் என்று திரும்பினேன்.

ஆயிரத்து இருநூறு பங்கு,
தரைக்கு டைல்ஸ் செய்கிற கம்பனி.
யார் வீட்டுக் குளியலறைக்குப் போனாலும்
கால் நனைய நின்று நினைப்பேன்:
இதில் ஒரு சதுரம் என்னுடையது.

பெலிசியனின் பெயரில் பிழை இல்லை.
ஒன்பதரைக்குச் சந்தை திறக்கும்போது
என் புருஷன் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் தொங்குவான்,
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன்.
பச்சைக்கு ஏறி சிவப்புக்கு இறங்குவான்.
பஸ்ஸை மட்டும்
சரியான தரிப்பில் விட்டிறங்குவான்.

இரண்டு தரம் கெட்டித்தனமாகத்தான் செய்தான்.
ஒரு தேர்தலுக்கு முதல் விற்று, பிறகு மலிவாக வாங்கி,
அந்த லாபத்தில் எங்கள் குளிர்சாதனப் பெட்டி வந்தது.
அது இன்னும் ஓடுகிறது. நியாயம் நியாயம்தான்.
ஆனால் இரவில் அந்தப் பெட்டியின் இரைச்சல்தான்
உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்று
மூன்றாம் தரமும் நாலாம் தரமும்
அவனை எழுப்பிவிட்டது.

அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பின்
பெட்டிகளுக்குப் பின்னால் நாங்கள் நடந்த கிழமை
அவன் எல்லாவற்றையும் விற்றான்.
எனக்கும் கை துடித்தது, பொய் சொல்லவில்லை.
என் டீ விடவில்லை.

பிறகு எரிவாயு வரிசை.
சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டு
தெருவோரத்தில் விழித்திருந்த இரவுகள்.
சந்தையையே சில நாள் பூட்டினார்கள்.
பெலிசியன் வெளியே நின்று
இன்னும் விழட்டும் என்றான்.
விழுந்தது.
இன்னும் என்றான்.
ஏறத் தொடங்கியது.
இது பொய்யேற்றம் என்றான்.
லிப்ட் போய்க்கொண்டிருந்தது;
கீழே நின்று இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன மாதம் மகளின் படிப்புக் கட்டணத்துக்காக
கடைசியில் புதுக்கடை வரிசையில் நின்று
டீயைச் சேர்த்தேன்.
ஏழு மடங்கு என்றது திரை.
பெலிசியன் என்னை ஏதோ ஞானியைப் போலப் பார்த்தான்.
நான் பால்மாப் பக்கெட்டைத் திருப்பி விலையைக் காட்டினேன்.
அதுவும் பதினொரு வருடம்
பொறுமையாகத்தான் இருந்திருக்கிறது.
கழித்துப் பார்த்தால் மிஞ்சியது கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தில்
பிள்ளையின் முதல் வருடம் அடங்கும்.

பொறுமை என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது.
பூட்டின வீட்டுக்குள் இருந்தவளை
வீட்டை விட்டு வெளிக்கிடாத நல்ல பெண் என்பதுபோல.

பாதி விற்றேன். பாதி இருக்கிறது.
இப்போது என் பெயர் சரி,
போனில் விரல் வைத்தால் போதும்.
நேற்று ஒன்பதரைக்குப் பாண் வெட்டிய கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தேன்.
பத்தேகாலுக்குப் பார்த்தேன்.
மதியம், சோறு அடிப்பிடிக்கப் பிடிக்க.

இரவு பெலிசியனிடம் போனை நீட்டினேன்.
கடவுச்சொல்லை மாற்று,
எனக்குச் சொல்லாதே,
எங்கேயாவது ஓர் எழுத்தைப் பிழையாகப் போடு.

அவன் கனநேரம் யோசித்தான்.
பிறகு எழும்பிப் போய்
ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தான்.
சீனி போட மறந்திருந்தான்.