ரோஜாத் தகடு

போர் முடிந்து பையன்கள் திரும்பிய ஆண்டில்
எதற்காகப் போனோம் என்று அவர்களுக்குச் சொல்ல
ஒரு பாடநூல் தேவைப்பட்டது.
கிளீவ்லாந்தில், ஏரிப்புகை படிந்த அச்சகத்தில்
எனக்கு வயது பத்தொன்பது, நிலப்படம் வரையும் வேலை.
பேராசிரியர் விட்கம் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.
"இந்தப் பக்கம் மேலை நாகரிகம், மிஸ் ஷிமெக். ரோஜா நிறம்."
ஜெர்மனி அந்தப் பக்கம் கிடந்தது.
அவர் பட்டம் வாங்கியது லைப்சிக்கில்.
நான் கேட்கவில்லை.

வீட்டில் நாங்கள் பேசும் செக் மொழியில்
மேற்குக்கும் சூரியன் விழுவதற்கும்
ஒரே சொல்.
அதையும் சொல்லவில்லை.

இரண்டாம் பதிப்பில்
ஜெர்மனி சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தது.
முதல் அத்தியாயத்தைக் கிரேக்கத்துக்குக் கொடுத்துவிட்டு
எகிப்தையும் பாபிலோனையும் முன்னுரையில் "தொட்டில்" என்றார்கள்.
பிள்ளை எழுந்து போனபின்
தொட்டிலுக்கு யார் வண்ணம் அடிப்பார்கள்?
சாம்பல்.
அரபிகளுக்கு ஒரே ஒரு பத்தி:
ஏடுகளைக் காப்பாற்றி வைத்திருந்தார்களாம்,
நாடகக் கொட்டகை வாசலில்
மேலங்கியை வாங்கி மாட்டி வைக்கும் ஆளைப் போல.
சீட்டை நீட்டினால் திருப்பித் தரவேண்டும்,
நடுவில் போட்டுப் பார்த்திருக்கக் கூடாது.

நாற்பத்து மூன்றில் ஜெர்மனி மறுபடி வெளியே.
ரஷ்யாவுக்கு மெல்லிய ரோஜாக் கோடுகள்.
"லேசாக," என்றார் விட்கம்,
"பிறகு எடுக்க வசதியாக."

நான்காம் பதிப்புக்கு அவர் வரவில்லை, பக்கவாதம்.
அவருடைய கோடு மட்டும் வந்தது, தபாலில்.
அந்த முறை புத்தகத்தில் ஒரு புதுச் சொல்: யூத-கிறித்தவ.
தகட்டுக் காமிரா மென்டல் ஆக்ஸ்ராட்
லென்ஸைக் கண்ணில் வைத்து
நெடுநேரம் பார்த்தது சொல்லை அல்ல,
நடுவிலிருந்த சிறுகோட்டை.
பியாவிஸ்டாக்கில் அவன் தெருவில்
மிச்சம் யாருமில்லை.
"இதற்கு மை கொஞ்சம் கம்மியாக இருக்கிறது"
என்று மட்டும் சொன்னான்.

ஜெர்மனியைப் பாதியாக வெட்டி
இடது பாதிக்கு வண்ணம் வைத்தேன்.
ப்ராக் சாம்பலானது.
அதற்குத் தெற்கே தாபோர்.
அங்கே என் தங்கை ருஷேனா
முப்பது வருடமாக ஒரே வீட்டில்,
ஜோர்தான் என்று பேர் வைத்த எங்கள் ஊர் ஏரிக்கரையில்,
ஒரு அடி நகராமல் இருந்தாள்.
உருளைக்கிழங்குக்கு வரிசை நீளம் என்று எழுதியிருந்தாள்,
கம்பளி நூல் கிடைத்தால் அனுப்பச் சொல்லி.
தான் எந்த நிறத்தில் இருக்கிறோம் என்று
அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் எல்லாரும் போனபின்
ரோஜாத் தகட்டில்
தாபோர் இருக்குமிடத்தில்
ஊசிமுனையால் ஒரு துளி மை வைத்தேன்.

மெய்ப்புப் பார்த்தவர் மூவர், கண்ணில் படவில்லை.
எண்பதாயிரம் பிரதிகள்.

அடுத்த வசந்தத்தில் ஒரு கடிதம்.
டொலீடோவிலிருந்து, ஸ்பெயினில் இருப்பது அல்ல,
நம் ஒஹையோவில், பக்கத்து ஊர்தான்.
பத்தாம் வகுப்புப் பையன், கையெழுத்து சுத்தம்.
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்
சாம்பலுக்கு நடுவே ஒரு புள்ளி இருக்கிறது,
தன் புத்தகத்தில் மட்டுமல்ல,
வகுப்பில் எல்லார் புத்தகத்திலும்.
அது அச்சுப் பிழையா, அல்லது
அங்கே யாராவது இருக்கிறார்களா?

நிறுவனத்தின் தாளில் தட்டச்சில் பதில் போனது.
அச்சுப் பிழை, வருந்துகிறோம்.

கையெழுத்து என்னுடையது.