நாலாவது விகாரம்

லூயிஸ்டன் நகரத்து வண்டிக் கொட்டகையில்
பிப்ரவரி மாத ஒட்டுத்தாள் லேசில் வராது.
நார்மண்ட் கிரீன்வுட் முதலில் சூடு காட்டுவார்,
நகத்தால் ஒரு மூலையைக் கிளப்புவார்,
பிறகு பிரெஞ்சில் ஒரு வசவு.
அதற்கப்புறம்தான் கம்பெனி உரியத் தொடங்கும்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது
நியூ இங்கிலாந்து டெலிபோன்.
ஊர் முன்னால், தொழில் பின்னால்,
கல்யாணமாகி நாளான ஜோடி மாதிரி
கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்தன.
பிறகு நைனெக்ஸ்.
நியூயார்க்கில் ரெண்டு எழுத்து, இங்கே ரெண்டு எழுத்து,
கடைசி எக்ஸ் எதற்கென்று
மேலாளர் ஒன்று சொன்னார், சுற்றறிக்கை இன்னொன்று சொன்னது.
பிறகு பெல் அட்லாண்டிக். அதில் கடலாவது இருந்தது,
அரைமணி வண்டி ஓட்டினால் பார்த்துவிட்டு வரலாம்.
மூன்றே வருஷம்.

வெரைசன் வந்தது.
லத்தீன் உண்மையின் தலையை
அடிவானத்தின் வாலோடு தைத்தார்களாம்.
"கடிக்குமா?" என்று கேட்டான்
வண்டி கழுவும் எவெரெட்.
பிறகு ஃபேர்பாயிண்ட்.
திவால் மனு போட்ட வாரத்திலும்
கதவில் அது பளபளவென்றுதான் இருந்தது.

பிறகு கன்சாலிடேட்டட்.
ஊர் இல்லை, கடல் இல்லை, கம்பிகூட இல்லை.
சேர்ந்தாயிற்று என்பது மட்டுமே பெயர்.

இரண்டு சொல் சேர்ந்தால்
தோன்றும், திரியும், கெடும் என்று
தமிழ் இலக்கணம் மூன்றோடு நிறுத்திக்கொண்டது.
இந்தக் கொட்டகைக்குள் அது வந்ததில்லை.
தாளை முழுக்க உரித்து
பசையைத் துடைத்த பிறகும்
வெயில் படாத இடத்தில் வண்ணம் வெளுக்காமல் இருக்க
எடுத்த பெயர்
எழுத்து எழுத்தாக நிற்கும்.
புதியதை அதன்மேல் ஒட்டுவார்,
கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி.
மறையாது.
ஒரு வண்டி இரண்டு பெயர் தாங்கும்.
மூன்றாவதுக்குள் ஏலம்.

மெக்கானிக் ஃபால்ஸில் அவர் மைத்துனி தெல்மா
மாதாமாதம் காசோலையில்
நியூ இங்கிலாந்து டெலிபோன் என்றே எழுதிவந்தாள்.
வங்கியும் கண்டுகொள்ளாமல் இருந்தது,
புதுசாய் வந்த ஒரு குமாஸ்தா
அதைத் திருப்பி அனுப்பும் வரை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி
அதையே மறுபடி அனுப்பினாள்:
"நான் வீடு மாறவில்லை.
நீங்கள் யாரென்று முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள்."
அந்த மாதம் அவளுக்கு இணைப்புத் துண்டிப்பு.

நார்மண்ட் சிரிக்கவில்லை.
அவருடைய அப்பா அதெலார், பிறந்தபோது புவாவேர்.
பஞ்சாலைச் சம்பள ஜன்னலில் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்
அர்த்தம் கேட்டு, கிரீன்வுட் என்று பதிந்தார்.
பச்சைக்காடு பச்சைக்காடாகவே இருந்தது, நஷ்டம் எதுவும் இல்லை.
யாராவது கூப்பிட்டால்
அப்பா திரும்ப மட்டும்
எப்போதும் ஒரு கணம் பிந்தும்.
வெகுநாள் அதைக் காது மந்தம் என்றே
வீட்டில் நினைத்திருந்தார்கள்.

இன்று காலை ஒரு பெட்டி வந்தது.
உள்ளே இன்னொரு பெயர், இருநூறு பிரதி,
கதவுக்கு இரண்டு, பின்பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில்.
பெட்டியின் மேல், அனுப்புநர் இடத்தில்,
போன வருஷத்துப் பெயர்.
கூரியர் பையன் கையெழுத்துக்கு எந்திரத்தை நீட்டினான்.
நார்மண்ட் விரலைத் தூக்கி
கண்ணாடித் திரைக்கு மேல் நிறுத்தி
"எந்தப் பேர்ல?" என்றார்.

கம்பெனியைத்தான் கிண்டல் பண்ணுகிறார் என்று
பையன் சிரித்தான்.
வெளியே அவன் வண்டி
அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.