நூறு பேசோ அளவு

முதலில் கம்பளிச் சட்டையைத்தான் சந்தேகித்தேன்.
பிறகு சோப்பை.
பிறகு ஜூன் மாதத்தை.
வல்திவியாவில் ஜூன் என்றால் மழை,
மழை என்றால் உலராத துணி,
விறகடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கி
புகையும் ஈரமும் குடித்த உள்பாடி.

வலது மார்பில், காம்பைச் சுற்றி,
ஒரு நூறு பேசோ நாணயத்தின் அளவு.
சிவப்பு. மெல்லிய செதில்.

செதிலைப் பற்றி எனக்குத் தெரியாதா?
இருபத்தாறு வருஷமாய் ஆற்றோரச் சந்தையில்
கொர்வினா மீன் சுரண்டுகிறேன்,
கத்தி முதுகால், வாலிலிருந்து தலைக்கு.
கையில் ஒட்டும், புருவத்தில் ஒட்டும்,
வீட்டுக்குப் போனால் தலையணையிலும் ஒன்று மினுங்கும்.
ஒருநாளும் அது என்னுடையதாய் இருந்ததில்லை.

கடைக்குப் பின்னால், படித்துறையில்,
முந்நூறு கிலோ கடல்சிங்கம் ஒன்று
கழுத்தைத் தூணில் தேய்த்துக்கொண்டிருக்கிறது,
கண்ணை மூடி, வாயைப் பிளந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.
வெளியூர்க்காரர்கள் படம் பிடிக்கிறார்கள்.
நானோ எலுமிச்சை எடுக்கிற சாக்கில் குனிந்து
ரப்பர் ஏப்ரனோடு சேர்த்து
முழங்கையால் ஒரு தேய்ப்பு.
அவ்வளவுதான் எனக்கு வாய்த்தது.

பக்கத்துக் கடை நொல்ஃபாவிடம் சொன்னேன்.
"வலித்தால்தான் பயப்படணும், எர்மிந்தா.
அரித்தால் ஒன்றுமில்லை."
எதிர்க்கடை ஒதிலியாவுக்கும் அது கேட்டுவிட்டது.
"என் நாத்தனாருக்கு அரிப்பில்தான்..." என்று தொடங்கி
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
அன்று நான் வாங்கிய ஒரு கிலோ சிப்பிக்கு மேல்
இரண்டு கை அள்ளிப் போட்டாள், காசு வாங்காமல்.
அந்த இரண்டு கைச் சிப்பிதான்
என்னைத் தூங்கவிடவில்லை.

ரொசாமெல் கொர்ரால் பக்கம் படகோடு போயிருக்கிறான்,
வெள்ளிக்கிழமைதான் வருவான்.
நல்லது. கட்டிலில் முதுகு காட்டிப் படுப்பதற்கு
காரணம் தேட வேண்டாம்.
பகலெல்லாம் மழைச் சத்தத்தில் மறந்துகிடப்பது
விளக்கணைத்ததும் விழித்துக்கொள்கிறது.
ஆறும் கரையை இப்படித்தான் அரிக்கும்,
சத்தம் போடாமல்.
சரிந்த பிறகுதான் ஊர் வந்து பார்க்கும்.

சுகாதார நிலையத்தில் பேறுகாலச் செவிலி சின்னப் பெண்.
தொடுவதற்கு முன்
தன் விரல்களை ஹீட்டரில் காட்டிச் சூடாக்கினாள்.
எத்தனை வாரம்? என்றாள்.
மூன்று என்றேன்.
சட்டையைக் கழற்றி மடித்து வைத்த பிறகு
ஒன்பது என்றேன்.
இரண்டு பக்கமுமா?
இல்லை, இது மட்டும்.
பேனா அங்கே நின்றது,
ஒரு மூச்சு நேரம்,
பிறகு எழுதியது.

அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
எங்கள் இருவருக்கும் நடுவில்
தானாக ஒரு நாற்காலி இழுத்துப்போட்டு
அது உட்கார்ந்திருந்தது.

பெரும்பாலும் வெறும் தோல் தொந்தரவுதான், என்றாள்.
பெரும்பாலும்.
களிம்பு, பதினான்கு நாள்.
படம் எடுக்க ஒரு தேதி.
குறையவில்லை என்றால்
ஒரு துண்டு எடுத்துப் பார்ப்போம்.

துண்டு!
வறுக்கவா, குழம்புக்கா, முள்ளோடா, முள்ளில்லாமலா
என்று ஒரு நாளைக்கு இருநூறு தரம்
என் வாயில் புழங்குகிற சொல்.

இன்று பதினொன்றாம் நாள்.
காலையில் கண்ணாடி முன்னால் நின்று
அளந்து பார்க்க வைத்திருக்கும் நாணயத்தை
மேலே வைத்தேன். சில்லென்றது.
விளிம்பைத் தாண்டிச் சிவப்பு தெரியவில்லை.
நேற்று தெரிந்ததா?
நேற்று இதே இடத்தில்தான் வைத்தேனா?
நாணயத்தில் இருக்கிற பெண்
எங்கோ பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
கேட்டுப் பயனில்லை.

ஏப்ரன் பையில் போட்டிருந்தேன்.
பத்து மணிக் கூட்டத்தில்
மீதிச் சில்லறையோடு சில்லறையாய்
யாருக்கோ கொடுத்துவிட்டேன் போல.
பச்சைக் குடைக்காரிக்கு இருக்கலாம்.
எண்ணிப் பார்க்காமல்
ஈரக் கையில் மூடிக்கொண்டு போனாள்.

அடுத்தவர் கேட்கிறார்,
இது இன்று பிடித்ததா?
இன்று பிடித்ததுதான், ஐயா.
செவுளைத் தூக்கிக் காட்டுகிறேன்.
சிவப்பாய் இருந்தால் நல்லது,
மீனுக்கு.