சன்னலோரக் கட்டில்

ஈசூன் காப்பிக்கடை. மதியம் மூன்று.
சீனி போடாத கோப்பி-ஓ ஆறிக்கொண்டிருக்கிறது.
நஸ்ரின் தாளை என் பக்கம் திருப்பி வைக்கிறாள்.

“இப்ப உள்ளது தனியார் திட்டம்க்கா.
தனி அறை. டாக்டரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.
இது அரசாங்க மருத்துவமனை, நாலு கட்டில்.
சந்தா பாதிக்கும் கீழே.”

அவள் விரல் கட்டங்களில் இறங்குகிறது:
ஐம்பத்தொன்று, அறுபத்தொன்று, எழுபத்தொன்று.
என் முதுமையை இப்படி
வரிசையாக அச்சடித்து நான் பார்த்ததில்லை.
கடைசிக் கட்டத்தில் ஒரு வருடச் சந்தா
என் இன்றைய இரண்டு மாதச் சம்பளம்.
அன்றைக்குச் சம்பளம் இருக்காது.
அதற்குக் கட்டம் போடவில்லை.

மெடிசேவ் கொஞ்சம் தரும், மீதி ரொக்கம்.
ரைடர் இருந்தால் பில் சுருங்கும்,
இல்லாவிட்டால் விழுந்து படுக்கும்வரை மிச்சம்.
எப்படி இழுத்துப் போர்த்தினாலும்
ஒரு சாண் கால் வெளியே.

“இறங்கிரலாம். கையெழுத்துப் போதும்.
திரும்ப ஏறத்தான்...” நிறுத்துகிறாள்.
“போன வருஷம் சர்க்கரை வந்துருச்சேக்கா.”

எங்கள் புளோக்கின் மின்தூக்கி நினைவுக்கு வருகிறது.
ஒரு வாரம் கீழேயே நின்றது.
பதினோரு மாடியும் அரிசிப் பையோடு ஏறினேன்.
இதற்குப் படியே கிடையாதாம்.

பக்கத்து மேசையில் யாரோ இருமுகிறார்.
நாலு கட்டில் என்றால் மூன்று இருமல்.
தனி அறை என்றால்
என் இருமலைக் கேட்க ஆளில்லை.

பேனாவை எடுக்கிறேன்.
“நாலு கட்டிலில்
சன்னலோரம் கிடைக்குமா?”

நஸ்ரின் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்,
உண்மையாகவே தேடுகிறாள்.